நிலாவரையும் ஆவாரையும்: சரக்கறிந்து விற்போம்

நமது மளிகைக் கடைகளில் மிளகு, சீரகத்தோடு நாட்டு மருந்துச் சரக்குகளும் விற்பனையாகின்றன. அவற்றுள் எளிதில் மாறிப் போகக்கூடியவை ஆவாரையும் நிலாவரையும். பெயரின் ஓசை ஒத்திருக்கிறது. இரண்டும் மஞ்சள் பூ பூப்பவை. காய்ந்து சாக்குக்குள் வந்துவிட்டால் இலையும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

ஆவாரை நம் வறண்ட நிலத்துக் காட்டுச் செடி. பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் பறிக்கும் பூ இதுதான். இதன் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. பூவைக் காய வைத்துக் கஷாயமாகக் குடிப்பது வழக்கம்.

நிலாவரை, அதாவது நிலவாகை, அரேபியா, சூடான் பாலை நிலங்களில் தானாக வளரும் குறுஞ்செடி. திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளில் பயிராகி, 'தின்னவேலி சென்னா' என்ற பெயரில் உலகச் சந்தைக்குச் செல்கிறது. இதிலுள்ள சென்னோசைடு என்னும் சத்து பெருங்குடலைத் தூண்டி மலத்தை இளக்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது உண்டு.

தினமும் ஆவாரைக் கஷாயம் குடிப்பவருக்கு நாம் தவறுதலாக நிலாவரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால், அவர் நாள்தோறும் பேதி மருந்து குடித்தவர் ஆவார். உடலின் நீரும் உப்புச் சத்தும் குறைந்து தளர்ந்து போவார். பழி கடைக்கு வரும்.

கொள்முதலின்போது கவனிக்க வேண்டியவை:

1. நிலாவரையின் சிற்றிலை ஈட்டி போல் நுனி கூர்ந்தது. மஞ்சள் கலந்த வெளிர் பச்சை. ஆவாரையின் சிற்றிலை நுனி மழுங்கி, நடுவில் சிறு முள் போல் நீட்டியிருக்கும்.

2. நிலாவரைக் காய் அகன்று தட்டையானது; ஏறத்தாழ 5 செ.மீ. நீளம். ஆவாரைக் காய் அதைவிட நீண்டு ஒடுங்கியது, விதைகளும் அதிகம்.

3. பொடியில் இந்த அடையாளம் எதுவும் தெரியாது. ஆகவே முழு இலையாகவே வாங்குவது நல்லது. ஈரம் படாத டப்பாவில் பெயர் எழுதித் தனித்தனியே வைக்க வேண்டும்.

நிலாவரையை இரவில் சாப்பிட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். மருத்துவர் சொன்னாலன்றி ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், காரணம் தெரியாத வயிற்று வலி உள்ளவர்கள் கேட்டால் மருத்துவரிடம் அனுப்பி வைப்பதே முறை.

இன்னொன்று. ஆவாரம்பூப் பாக்கெட்டில் 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று அச்சிட்டு விற்பது, மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சரக்கின் பெயர், எடை, விலையோடு நிறுத்திக்கொள்வோம்.

சரக்கை அறிந்து விற்கும் கடைக்கே வாடிக்கையாளர் மீண்டும் வருவார்.