ஓடுவதற்கென்று ஒரு சாலை

ஊருக்குப் போய்ச் சேருவதற்காகச் சாலை இடுவது உலக வழக்கம். ஊரை விட்டு ஓடுவதற்கென்று செப்பனிடப்பட்ட சாலை ஒன்றும் நமது மலைகளில் உண்டு. கோடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாற்றுக்குச் சென்ற சுமார் 50 மைல் நீளமுள்ள சாலையே அது. ஏறக்குறைய 8,000 அடி உயரம் வரை ஏறிச் சென்ற அவ்வழி இன்று பொதுஜனப் போக்குவரத்துக்கு இல்லை. எனினும் அதன் சரித்திரம் நாம் மறக்கத்தக்கதன்று.

1942ஆம் வருஷம் பிப்ரவரி 15ந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது; மார்ச் 8ந் தேதி ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; ஏப்ரல் 6ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினர். பகைவர் கரையேறினால் வெள்ளையரைக் கோடைக்கானல் மலையேற்றி, மூணாறு வழியே கொச்சித் துறைமுகத்திற்கு அனுப்பிவிடலாம் என்பது அந்நாளைய யோசனை. அதன் பொருட்டே முன்னமிருந்த மலைப்பாதை மோட்டார் செல்லத்தக்கதாகத் திருத்தப்பட்டது. 'எஸ்கேப் ரோடு' என்ற பெயரும் நிலைத்தது. ஜப்பானியர் வரவில்லை, ஓடவேண்டிய அவசியமும் நேரவில்லை.

அதே மாதங்களில் பர்மாவிலிருந்து நம்மவர் பல லட்சம் பேர், பெரும்பாலோர் கால்நடையாகவே, மலையும் காடும் கடந்து தாயகம் திரும்பினர். பசியாலும் காலராவாலும் வழியில் மாண்டவர் பல்லாயிரவர். அங்கும் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு வேறொரு பாதை என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. ஆளுவோர் தமக்கென வழி செய்துகொண்டதையும், ஆளப்பட்டோர் வழியின்றித் தவித்ததையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் அடிமை வாழ்வின் இலக்கணம் விளங்கும்.

சுதந்திரத்திற்குப் பின் அச்சாலை எல்லோருக்கும் பயன்பட்டது. 1956இல் ராஜ்யங்கள் பிரிக்கப்பட்டபோது அதன் ஒரு முனை தமிழகத்திலும் மறுமுனை கேரளத்திலும் அமைந்தன. 1990இல் அது மூடப்பட்டது. 2003இல் அவ்வழியிலுள்ள பாம்பாடும் சோலை, தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இன்று கோடைக்கானலிலிருந்து மூணாறு செல்பவர் சமவெளிக்கிறங்கி, தேனி, போடிநாயக்கனூர் வழியே ஏறத்தாழ இருமடங்கு தூரம் சுற்றவேண்டும்.

சாலையை மீண்டும் திறக்கவேண்டுமென்ற கோரிக்கை எழாமலில்லை. உல்லாசப் பிரயாணிகளின் வண்டிகளுக்காக அதைத் திறப்பது தகாதென்பதே நமது அபிப்பிராயம். அச்சோலைகள் மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு உயிரளிப்பவை. பேரிஜத்தின் நீரையே பெரியகுளம் பருகுகிறது. காட்டை இழந்தபின் சாலையால் என்ன லாபம்?

ஆயினும், எல்லைக்கு இப்புறம் கிளாவரையிலும் அப்புறம் வட்டவடையிலும் உழுது பயிரிடும் மலைஜனங்களின் நிலை வேறு. நோயாளியைத் தூக்கிச் செல்லவும் விளைபொருளை விற்கவும் அவர்களுக்கு வழி வேண்டும். காட்டைக் காப்பதன் சுமை முழுவதையும் அவர்கள் தலையிலேயே ஏற்றுவது நியாயமாகாது. இரு சர்க்கார்களும் கலந்து பேசி, காட்டுக்கு ஊறின்றி அவர்களுக்கு வேண்டிய வசதியைச் செய்து தருவது கடமை. அச்சாலையைத் திருத்தியபோது அம்மலைவாசிகளின் நன்மை கருதப்படவில்லை. ஜனநாயக ஆட்சியிலேனும் அவர்களைக் கேட்டு முடிவு செய்க.