வாஞ்சூருக்கு இந்தப் பக்கம் ஒரு டிஜிபி, அந்தப் பக்கம் ஒரு டிஜிபி

புதுச்சேரியின் காரைக்கால் மாவட்டத்துப் போலகத்திலிருந்து தெற்கே போய் வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நாகூர். இங்கே கடையில் வாங்கிய சாராயத்தை அங்கே கொண்டுபோனால் வழக்கு. காவல் துறைத் தலைவரான டிஜிபியும் அந்தச் சாவடியிலேயே மாறிவிடுகிறார்.

இரு தலைவர்களும் ஐபிஎஸ்தான். ஏதாவது ஒரு பட்டம், யுபிஎஸ்சி தேர்வு, ஹைதராபாத் அகாடமிப் பயிற்சி, டிஜிபி தகுதிக்குச் சுமார் 30 ஆண்டுப் பணி என்பது இருவருக்கும் பொது. அதன் பிறகுதான் பாதை பிரிகிறது.

மாநிலங்களுக்கு 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது. பணிக்காலம், நல்ல பணிப் பதிவு, பல துறை அனுபவம் ஆகியவற்றைப் பார்த்து யுபிஎஸ்சி மூன்று மூத்த அதிகாரிகளைப் பட்டியலிடும். அவர்களில் ஒருவரை மாநில அரசு எடுக்கும். குறைந்தது 2 ஆண்டு அவரை அசைக்கக் கூடாது. 'பொறுப்பு டிஜிபி' வேண்டாம் என்று 2018இலும் அந்த நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 2025 ஆகஸ்ட் இறுதியில் சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றதும் தமிழ்நாட்டுக்கு வந்தவர் பொறுப்பு டிஜிபிதான்.

புதுச்சேரிக்கு அந்தப் பட்டியலே கிடையாது. அருணாச்சலம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கேடர். யாரை எங்கே அனுப்புவது என்பது மத்திய உள்துறையின் முடிவு. ராகேஷ் அஸ்தானா டெல்லி போலீஸ் கமிஷனராக நியமிக்கப்பட்டதை எதிர்த்த வழக்கில், பிரகாஷ் சிங் தீர்ப்பின் டிஜிபி விதி இந்த கேடருக்குப் பொருந்தாது என்று 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, அருணாச்சல மலையில் பணியாற்றியவர் அடுத்த உத்தரவில் இந்தக் கடற்கரைக்கு வரலாம். வந்தவருக்குக் கீழே காரைக்காலின் தமிழ், மாஹேயின் மலையாளம், ஏனாமின் தெலுங்கு என மூன்று மொழிகளில் புகார் மனுக்கள். திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தையும், இலங்கைக் கடற்படையிடம் சிக்கிய படகுக்காக ரோட்டில் உட்காரும் மீனவக் குடும்பங்களையும் எதிர்கொள்ளும் பக்குவத்தைப் பணிமூப்புப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

என் கணக்கில் இங்கே முதல் தகுதி, அண்டை மாவட்டத்தோடு ஒத்துப்போகத் தெரிவது. தன் எல்லைக்குள் குற்றமே இல்லாத ஒரு பாட்டிலுக்காக, நாகப்பட்டினம் எஸ்.பி. அலுவலகத்திலிருந்து வரும் போனை எடுத்து, தன் ஆட்களை வாஞ்சூருக்கு அனுப்ப வேண்டியவர் அவர்.