ரங்கையாவும் கோவிந்துவும் குற்றாலத்துச் செடிகளும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது 'வசந்தமும் ஓவியனும்' என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். தலைப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம்ம ஊரில் வசந்தம் எப்போது வருகிறது என்று யோசித்ததும் பேனா நின்றுவிட்டது. பங்குனி, சித்திரையில் தென்காசியில் வெயில் மண்டையைப் பிளக்கும். குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீரை விடப் பாறைதான் அதிகம் தெரியும். ஆனாலும் அந்த வெயிலில்தான் புங்கை தளிர் விடுகிறது, வேம்பு பூக்கிறது, சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாய்த் தொங்குகிறது. அப்புறம் ஆனியில் சாரல் விழுந்ததும் பாறை இடுக்கெல்லாம் பச்சை. ஆக நமக்கு வசந்தம் வருஷத்துக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று வெயிலில், ஒன்று மழையில்.

இந்த இரண்டு வசந்தத்திலும் பூக்கிற செடிகளைப் பார்த்து வரைந்து, உலகம் முழுக்கப் பேர் வாங்கியிருக்க வேண்டிய இரண்டு ஓவியர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒருவர் ரங்கையா, மற்றவர் கோவிந்து. நம் கல்லூரியில் பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் போன வருஷம் வரை தெரியாது.

ராபர்ட் வைட் (1796-1872) என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டர். வேலை வைத்தியம், ஆசை முழுக்கச் செடி கொடி மேல். 1830-களில் குற்றாலத்துக்கு வந்து மலையேறி, செடிகளைச் சேகரித்து, இங்குள்ள தாவரங்களைப் பற்றிச் சென்னையில் அச்சான ஓர் இதழில் கட்டுரையே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் குற்றாலத்தில் கம்பெனிக்காரர்கள் சாதிக்காய், கிராம்புத் தோட்டமும் போட்டிருந்தார்கள். வைட் வெளியிட்ட பெரிய படப் புத்தகம் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. மொத்தம் 2101 படங்கள். பல செடிகளுக்குக் கிடைத்த இடம் 'குற்றாலம்' என்றே போட்டிருக்கும். படங்களின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ரங்கையா வரைந்தது', பிற்பாடு வந்தவற்றில் 'கோவிந்து வரைந்தது' என்று லத்தீன் சுருக்கத்தில் இருக்கும். அவ்வளவுதான். புத்தகத்தின் அட்டையில் வைட் பெயர், ஓரத்தில் இவர்கள் பெயர். அந்த ஓரமாவது கிடைத்ததே என்று சொல்கிறவர்கள் உண்டு. ஏனென்றால் கம்பெனி காலத்தில் வரைந்த நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயரே கிடையாது. வைட் 1853-ல் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு 'கோவிந்தூயா' என்று ஓவியரின் பெயரையே வைத்தார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதை வேறு இனத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயரும் இப்போது வழக்கில் இல்லை.

சரி, செடியை வரைவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். நான் படிப்பது கட்டிடவியல். அதனால் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாம் ஒரு வீட்டுக்கு முன்தோற்றம், மேல்தோற்றம் போட்ட பிறகு, உள்ளே எப்படி இருக்கிறது என்று காட்ட வெட்டுத் தோற்றம் போடுகிறோம் அல்லவா? செடி ஓவியமும் அப்படியே. முதலில் கிளையும் இலையும் பூவும் பெரும்பாலும் உண்மையான அளவிலேயே வரைவார்கள். அதே தாளின் அடியில் ஒரு பூவைப் பிளந்து, மகரந்தத் தாள், சூலகம், விதை என்று ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்துப் பெரிதாக்கிப் போடுவார்கள். பூ ஒரு மாதத்தில் வரும், காய் இன்னொரு மாதத்தில் வரும். படத்தில் இரண்டும் ஒரே கிளைக்குப் பக்கத்தில் இருக்கும். கேமராவால் ஒரே கிளிக்கில் இதைச் செய்ய முடியாது. இன்றைக்கும் புதுச் செடி கண்டுபிடித்தால் போட்டோவோடு கோட்டோவியமும் போடுவதற்கு இதுதான் காரணம்.

உதாரணத்துக்குச் செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். நம் மாநில மலர். மழை பெய்தால் வேலியில் படரும். எல்லாருக்கும் தெரிந்த பூதான், ஆனால் பார்க்காமல் வரையச் சொன்னால் நெருப்புச் சுவாலை மாதிரி ஏதோ வரைவோம். கிட்டே போய்ப் பாருங்கள். ஆறு இதழும் பின்பக்கமாக மடங்கியிருக்கும். நடுவில் இருக்கும் சூல்தண்டு நேராக நிற்காது, மூலைமட்டம் வைத்த மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருக்கும். இலையின் நுனியே சுருண்டு கொடிக்குப் பிடிமானமாக இருக்கும். (கிழங்கு விஷம். வரைந்துவிட்டுக் கையைக் கழுவவும்.)

படம் அச்சானது எப்படி என்பது இன்னும் சுவாரஸ்யம். அதற்குக் கல்லச்சு என்று பெயர். வழவழப்பான சுண்ணாம்புக் கல் பலகையில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தைப் போடுவார்கள். பிறகு கல்லை ஈரப்படுத்துவார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. மை உருளையை உருட்டினால் ஈரமான இடத்தில் மை பிடிக்காது, கோடு இருக்கும் இடத்தில் மட்டும் பிடிக்கும். மேலே காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் ரெடி. வைட் இந்த வேலையைத் தாமே கற்றுக்கொண்டு சென்னையிலேயே அச்சிட்டார். சிவகாசியில் ஆப்செட் மிஷினில் வேலை பார்க்கும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். "எங்க மிஷினும் அதே தத்துவம்தான் பிள்ளே, கல்லுக்குப் பதிலா அலுமினியத் தகடு" என்றார். நம் கையில் இருக்கும் இந்த மலர் ஆப்செட்டில் அச்சானது என்றால், இதுவும் அந்தக் கல்லின் பேரப்பிள்ளைதான்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அம்மா முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. டிராயிங் ஷீட், மினி டிராப்டர் எல்லாம் அந்தக் காசில் வாங்கியது. பாடத்துக்கு வரைந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், மிச்ச ஷீட்டில் செடி வரைந்தால் மட்டும், "தாளு சும்மாவா வருது?" என்பாள். நியாயம்தான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் ஊற வைத்த பீடி இலை ஒன்றை எடுத்து வரைந்தேன். நடுநரம்பு ஒன்று, இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துச் சமமாகக் கோடுகள், மீன் முள் மாதிரி. அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஏட்டி, இந்த இலை எந்தக் காட்டுல விளையுது? ரெண்டு நரம்பும் ஒரே இடத்துல இருந்தா கிளம்புது?" என்று கேட்டு இலையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஒரு பக்கத்து நரம்பு கொஞ்சம் கீழே, அடுத்த பக்கத்தது கொஞ்சம் மேலே. ஓரம் வரைக்கும் நேராகவும் போகவில்லை, வளைந்து அடுத்த நரம்பைத் தொடுகிறது. தகட்டை இலை மேல் வைத்து, தடித்த நரம்பை ஒதுக்கிக் கத்தரிக்கோலால் வெட்டுவதுதான் அவள் வேலை. நரம்பு எங்கே போகிறது என்று கைக்குத் தெரிந்தால்தான் இலை வீணாகாது. மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருகிற அந்த மரத்தை அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஆனால் அதன் இலையை அவள் அளவுக்குப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அன்றைக்கு அந்த ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப வரைந்தேன். தாள் வீணானதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம். வைட்டின் ஆறு தொகுதிப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். நிறம் பார்க்க வேண்டுமானால் குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து சித்திர சபைக்குப் போங்கள். ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், நம்முடையது சித்திரம். இங்கே நடராஜரே சுவரோவியம்தான். மூலிகை நிறங்கள் என்று ஊரில் சொல்வார்கள். காவியும் மஞ்சளும் பச்சையும் இருட்டில் கண் பழகப் பழகத்தான் வெளியே வரும். சுவரில் கை வைக்காமல் பாருங்கள்.

வீட்டிலேயே நிறம் செய்து பார்த்தேன். மஞ்சள் தூளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பு, ஆரத்தித் தண்ணீர் அதுதானே. சங்குப்பூவைக் கொதிக்க வைத்தால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா ஆகிவிடும். கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தால் நல்ல கறுப்பு மை. ஒரு எச்சரிக்கை, மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். என் சரக்கொன்றைப் படம் ஜன்னலோரம் ஒட்டி இரண்டே வாரத்தில் வெறும் கொம்பாகிவிட்டது. கடுக்காய்க் கறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

ரங்கையா, கோவிந்து வரைந்த மூலப் படங்கள் பல இப்போது எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன. ஹென்றி நோல்ட்டி என்ற ஆராய்ச்சியாளர் அவற்றைத் தேடி எடுத்து 2007-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். நாம் அங்கே போக வேண்டியதில்லை, அச்சான ஆறு தொகுதிகளும் இணையத்தில் இலவசம். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் தெரிகிறது.

வரும் ஆனியில் சாரல் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். வருகிறவர்கள் வகுப்பில் சொல்லுங்கள். சாரலில் மை கரையும், அதனால் பென்சில் மட்டும் போதும், ஹெச்பி ஒன்று, டூ ஹெச் ஒன்று. பூவைப் பிரிக்க ஒரு ஊசியும், கிடைத்தால் ஒரு லென்ஸும் கொண்டு வரவும். செடியைப் பிடுங்க வேண்டாம், கீழே விழுந்த பூவே நிறையக் கிடக்கும். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

— இரண்டாம் ஆண்டு மாணவி, கட்டிடவியல் துறை