வரைவு யார் கையில்?

ஐ.நா. அமைதிப்படை வீரர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் தலையில் இருப்பது நீலக் கவசம்தான். அதன் பின்னால் கொஞ்சம் சங்கடமான கதை இருக்கிறது. 1956 நவம்பரில் எகிப்துக்கு அவசர அவசரமாக ஒரு படை திரட்டினார்கள். கனடாவும் ஆள் தர முன்வந்தது. அது தேர்ந்தெடுத்த பட்டாளத்தின் பெயர் 'குயின்ஸ் ஓன் ரைஃபிள்ஸ்', அதாவது அரசியின் சொந்தத் துப்பாக்கிப்படை. சீருடையும் அச்சு அசல் பிரிட்டிஷ் சீருடை. சில நாட்களுக்கு முன்புதான் பிரிட்டிஷ் விமானங்கள் எகிப்தின் மேல் குண்டு போட்டிருந்தன. இந்தப் பெயரோடும் உடுப்போடும் வருகிறவர்களை உள்ளே விட முடியாது என்றது கெய்ரோ. ஹாலிஃபாக்ஸ் துறைமுகம் வரை வந்து கப்பலுக்குக் காத்திருந்த பட்டாளம் அங்கேயே நின்றுவிட்டது.

படையின் மற்ற வீரர்களுக்கும் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து துப்பாக்கி பிடிப்பவன் ஆளைத் தப்பாக நினைத்துவிடக் கூடாதே! நீலத் தொப்பி தைக்க நேரமில்லை. அமெரிக்க ராணுவத்தின் ஹெல்மெட்டுக்குள் வைக்கும் பிளாஸ்டிக் கூடுகள் ஐரோப்பாவில் நிறையக் கிடந்தன. அவற்றில் நீலச் சாயத்தை அடித்து மாட்டிவிட்டார்கள். அதுவே நிலைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படை என்ற யோசனையே கனடாவுடையது. பகைவர் இருவருக்கும் நடுவே போய் நிற்கிற படை என்ற ஒன்றை ஐ.நா. அதற்கு முன் அனுப்பியதில்லை. அப்போது கனடாவின் மக்கள்தொகை சுமார் 1.6 கோடி. அணுகுண்டு கிடையாது, வீட்டோ கிடையாது, மிரட்டும் அளவுக்குப் படையும் கிடையாது. பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் ஒருபுறம், எகிப்து மறுபுறம், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் தலைக்கு மேலே. அந்த நெரிசலில் இப்படி ஒரு நாடு எப்படி வழி சொல்ல முடிந்தது?

இத்தகைய நாடுகளை 'நடுத்தர சக்திகள்' என்பார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நார்வே, சுவீடன் என்று பட்டியல் நீளும். வரையறையில் அறிஞர்களுக்குள் ஓயாத சண்டை உண்டு; அதற்குள் நாம் போக வேண்டாம். 1945-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது எழுந்த மனக்குறை ஒன்றே இவர்கள் நிலையைச் சொல்லிவிடும். இரண்டாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கனடியர்கள் சீருடை அணிந்திருந்தார்கள். போர் முடிந்ததும் ஐந்து பெரியவர்கள் நிரந்தர நாற்காலியும் வீட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் முடிவை நாங்கள் இல்லாத அறையில் எடுப்பீர்களா என்று கனடா கேட்டது. சாசனத்தின் 44-ஆம் பிரிவு அப்படி வந்ததுதான்: பாதுகாப்பு கவுன்சிலில் இல்லாத ஒரு நாட்டின் படையைக் கேட்பதானால், அந்தப் படையைப் பயன்படுத்தும் முடிவுகளில் பங்கெடுக்க அந்த நாட்டையும் அழைக்க வேண்டும். நாற்காலி கிடைக்கவில்லை, ஒரு பத்தி கிடைத்தது. அந்தப் பத்தியை இன்றுவரை யாரும் பெரிதாகப் பயன்படுத்தியதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நாற்காலி இல்லாதவனுக்கும் பேனா உண்டு என்பதை கனடா அங்கே கற்றுக்கொண்டது.

பதினோரு ஆண்டுகளில் அந்தப் பாடம் பயன்பட்டது. 1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் சினாய்க்குள் புகுந்தது. இரண்டு நாளில் பிரிட்டனும் பிரான்ஸும் குண்டு வீசத் தொடங்கின. பாதுகாப்பு கவுன்சிலில் அவ்விரு நாடுகளே வீட்டோ போட்டதால் விவகாரம் பொதுச்சபைக்குப் போனது. உடனே போரை நிறுத்து என்று அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்துக்கு 64 நாடுகள் ஆதரவு. எதிர்த்தவை ஐந்தே. கனடாவின் வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் இரு பக்கமும் சேராமல் ஒதுங்கினார்.

பயந்து ஒதுங்கியதாகத் தோன்றும். உண்மையில் அன்று அந்த அவையில் மிகத் துணிச்சலான காரியம் அதுதான். எதிர்த்து வாக்களித்திருந்தால் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் அவர் முகத்தில் விழித்திருக்காது. ஆதரித்திருந்தால் லண்டன் கதவைச் சாத்தியிருக்கும். வாக்களிக்காமல், வாக்கெடுப்பு முடிந்தபின் எழுந்து, ஏன் வாக்களிக்கவில்லை என்று விளக்கினார். சண்டையை நிறுத்து என்றால் போதாது, நிறுத்திய இடத்தில் யார் நிற்பது, அரசியல் தீர்வு வரும்வரை எல்லையைக் காக்க ஐ.நா.வுக்கு ஒரு படை வேண்டாமா என்பது அவர் கேள்வி. அமெரிக்க வெளியுறவுச் செயலர் டல்லஸ் அந்தப் பிடியை உடனே பற்றிக்கொண்டார். கனடாவே திட்டத்தை எழுதிக் கொண்டுவரட்டும் என்றார்.

பியர்சன் தலைநகர் ஒட்டாவா போய் அமைச்சரவையிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு நியூயார்க் திரும்பினார். நவம்பர் 4 அதிகாலையில் கனடாவின் தீர்மானம் நிறைவேறியது. பொதுச்செயலாளர் ஹாமர்ஷெல்ட் 48 மணி நேரத்தில் ஒரு படைக்கான திட்டம் தர வேண்டும் என்பதே அதன் சாரம். ஆதரவு 57, எதிர்ப்பு பூஜ்யம், 19 நாடுகள் விலகி நின்றன. பிரிட்டனும் பிரான்ஸும் அந்தப் பத்தொன்பதில் அடக்கம். தம் கையாலேயே குண்டு போட்டுக்கொண்டிருந்த இரு வல்லரசுகள், தம்மை வெளியே அனுப்பும் தீர்மானத்தை எதிர்க்கவில்லை! தோற்றுத் திரும்பினோம் என்று சொல்லாமல், ஐ.நா.விடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம் என்று சொல்ல அந்தக் காகிதம் இடம் தந்தது. பவுண்டு சரிந்துகொண்டிருந்ததும், அமெரிக்கா கைகொடுக்க மறுத்ததும் சேர்ந்து மிச்ச வேலையை முடித்தன. நவம்பர் 15-ல் முதல் வீரர்கள் எகிப்தில் இறங்கினார்கள். டிசம்பர் 22-க்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வெளியேறின. படையின் தலைவர் பர்ன்ஸ் கனடியர். காலாட்படையை மறுத்த எகிப்து, சரக்குப் போக்குவரத்துக்கும் தகவல் தொடர்புக்கும் கனடியர்களை ஏற்றுக்கொண்டது. பத்து நாடுகள் தந்த வீரர்களில் இந்தியர்களும் இருந்தார்கள்.

கனடாவை இங்கே புண்ணியவானாக்கிவிடக் கூடாது. நேட்டோவின் பெரிய பங்காளிகளான அமெரிக்காவும் பிரிட்டனும் பகிரங்கமாக முட்டிக்கொள்வதைப் பார்த்துப் பதறிய நாடு அது. அவ்விருவர் நிழலில்தான் அதன் பாதுகாப்பும் வியாபாரமும். காமன்வெல்த் உடையும் அபாயம் வேறு. பியர்சனின் யோசனை உலக நன்மையாக இருந்தது போலவே கனடாவின் சுயநலமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் நடுத்தர நாடுகளுக்கு இப்படி வேகம் வருகிறது.

உள்நாட்டில் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? தாய்நாடான பிரிட்டனைக் கைவிட்டுவிட்டாய் என்று எதிர்க்கட்சி ஏசியது. 1957 ஜூனில் பியர்சனின் கட்சி ஆட்சியை இழந்தது. அக்டோபரில் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

கல்யாண வீட்டில் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள் ஒருபுறம்; உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர் ஒருபுறம். எந்த வேளைக்கு எது இலைக்கு வரும் என்பது இரண்டாமவருக்குத்தான் தெரியும். சர்வதேச அரசியலில் அந்தச் சாவி, வரைவு. எந்தத் தாளை வைத்துப் பேசுகிறோம், எந்த விதிப்படி முடிவெடுக்கிறோம், எந்தத் தேதிக்குள் முடிக்கிறோம் என்பதை ஒருவர் தீர்மானித்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடுகிறது. இந்த வித்தை முழு அழகோடு வெளிப்பட்டது நாற்பது ஆண்டுகள் கழித்து, கண்ணிவெடி விவகாரத்தில்.

ஆளைக் குறிவைக்கும் கண்ணிவெடியைச் செய்யச் சில டாலர் போதும்; அதைக் கண்டுபிடித்து அகற்ற நூற்றுக்கணக்கில் ஆகும். போர் முடிந்ததும் சிப்பாய் வீட்டுக்குப் போய்விடுவான், வெடி போகாது. 1990-களின் நடுவில் இதைக் கட்டுப்படுத்த ஜெனீவாவில் பேச்சு நடந்தது. அங்கே விதி, ஒருமித்த சம்மதம். ஒரு நாடு தலையை ஆட்ட மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். 1996 மே மாதம் அங்கிருந்து வெளிவந்த திருத்தம் தடையின் பக்கம்கூடப் போகவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஒட்டாவாவில் ஒரு கூட்டம். தடையை விரும்பும் நாடுகளுக்கே அழைப்பு. வேடிக்கை பார்க்க விரும்பியவர்கள் பார்வையாளர்களாக வரலாம். முடிவுரை ஆற்ற எழுந்த கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி, அடுத்த ஆண்டு இறுதிக்குள் முழுத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட இதே ஊருக்கு வாருங்கள் என்றார். அரங்கில் பலருக்கு மூச்சே நின்றது. அப்படி ஒரு ஒப்பந்தத்தின் வரைவுகூடப் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்திருக்கவில்லை. ராஜதந்திர வழக்கப்படி இது மரியாதைக் குறைவு. பெரிய நாடுகளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு நடந்தது நேர்த்தியான வேலை. வரைவை எழுதும் பொறுப்பை ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது. வியன்னா, பான், பிரசல்ஸ் என்று கூட்டங்கள் நகர்ந்தன. இறுதிப் பேச்சு 1997 செப்டம்பரில் ஓஸ்லோவில். அங்கே பங்கெடுக்க வேண்டுமானால் முழுத் தடையை ஏற்கிறேன் என்ற பிரகடனத்தில் முதலில் சேர வேண்டும். கெடுப்பதற்கென்றே வருபவனுக்கு வாசலிலேயே வடிகட்டி. உள்ளே, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும்; ஒருமித்த சம்மதம் தேவையில்லை. தலைமை நாற்காலியில் தென்னாப்பிரிக்காவின் ஜேக்கப் செலெபி. அரசுகளோடு ஒரே அறையில் செஞ்சிலுவைச் சங்கமும், கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கமும் உட்கார்ந்தன. கால் இழந்தவர்களின் வாதத்தைக் கோப்பில் படிப்பதும் நேரில் கேட்பதும் ஒன்றாகுமா?

அமெரிக்கா வந்தது. கொரியத் தீபகற்பத்துக்கு விலக்கு வேண்டும், அமலுக்கு வர அவகாசம் வேண்டும் என்று கேட்டது. வேறெந்த மேடையிலும் அந்தக் கோரிக்கைக்காகவே வரைவு வளைந்திருக்கும். ஓஸ்லோவில் வளையவில்லை. செப்டம்பர் 17-ல் அமெரிக்கா விலகியது, மறுநாள் ஒப்பந்த வாசகம் ஏற்கப்பட்டது. டிசம்பர் 3, 4 தேதிகளில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. ஆக்ஸ்வொர்தி சொன்ன கெடுவுக்குள்! 1999 மார்ச் 1 முதல் அது சர்வதேசச் சட்டம்.

பெரியவர்கள் இல்லாத ஒப்பந்தம் வெற்றுக் காகிதம்தானே என்று அப்போதே கேலி செய்தார்கள். கணக்கைப் பார்ப்போம். உறுப்பு நாடுகள் தம் கிடங்குகளில் இருந்த 5 கோடிக்கும் அதிகமான கண்ணிவெடிகளை அழித்திருக்கின்றன. அவற்றின் சட்டபூர்வ ஏற்றுமதி ஏறக்குறைய நின்றுபோனது. கையெழுத்திடாத நாடுகள்கூட நெடுங்காலம் அதை விற்கக் கூசின. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. வன்னியிலும் முகமாலையிலும் மிதிவெடி அகற்றும் பணியில் தமிழ்ப் பெண்கள் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுகிறார்கள். ஒட்டாவாவில் எழுதிய வரிகளின் மறுமுனை அந்த மண்.

வரைவுக்கும் முன்னால் இன்னொரு கருவி உண்டு: அளவீடு. ஓசோன் விஷயத்தில் கனடா அதையும் வைத்திருந்தது. ஓசோன் படலத்தை அளக்கும் புரூவர் கருவி டொரண்டோவில் உருவானது. புற ஊதாக் கதிர்க் குறியீட்டை 1992-ல் முதலில் வெளியிட்டதும் கனடியர்கள்தான். 1987 செப்டம்பர் 16-ல் ஓசோனைக் காக்கும் உடன்படிக்கை மாண்ட்ரியலில் கையெழுத்தானது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எண்ணைச் சொல்பவனை அறையிலிருந்து யாரும் வெளியேற்ற மாட்டார்கள்.

ஆனால் சாவி வைத்திருப்பவரால் சமைக்க முடியாது. 1967 மே மாதம் நாசர் ஒரே வார்த்தையில் ஐ.நா. படையைப் போகச் சொன்னார். கனடியர்களை 48 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார். ஜூன் 5-ல் மீண்டும் போர். சம்மதத்தின் மேல் நிற்கும் படை, சம்மதம் போனால் கிளம்ப வேண்டியதுதான். இதையே நாம் நம் வீட்டு வாசலில் பார்த்தோம். 2002 பிப்ரவரியில் நார்வே கொண்டுவந்த இலங்கைப் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நார்டிக் நாடுகளின் குழு வந்தது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்தைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் போகட்டும் என்றார்கள் புலிகள். சுவீடன், டென்மார்க், பின்லாந்து கிளம்பின. 2008 ஜனவரியில் இலங்கை அரசு ஒப்பந்தத்தையே கைவிட்டது. நார்வேயால் மேசை போட முடிந்தது. யாரையும் அதில் பிடித்து உட்காரவைக்க முடியவில்லை.

கனடாவின் இன்றைய கணக்கும் அவ்வளவு பெருமையாக இல்லை. 1990-களின் தொடக்கத்தில் 3000-க்கும் மேற்பட்ட கனடியர்கள் நீலக் கவசம் அணிந்திருந்தார்கள்; இன்று நூறுகூடத் தேறாது. பாதுகாப்பு கவுன்சிலின் தற்காலிக இடத்துக்கு 2010-லும் 2020-லும் போட்டியிட்டுத் தோற்றது. ஏற்றுமதியில் பெரும்பகுதி ஒரே அண்டை நாட்டுக்குப் போகும் தேசம், அந்த அண்டை நாட்டை எவ்வளவு தூரம் எதிர்க்க முடியும்? பழைய நோபல் பரிசைக் காட்டி இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது என்று அந்த நாட்டிலேயே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2025-ல் ஒட்டாவா ஒப்பந்தத்துக்கே சோதனை வந்தது. ரஷ்யாவின் எல்லையில் இருக்கும் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் விலகுவதாக அறிவித்தன. அப்போதும் 1997-ல் எழுதியவர்களின் கை தெரிந்தது. 20-ஆம் பிரிவின்படி, விலகல் ஆறு மாதம் கழித்தே அமலுக்கு வரும்; அந்த ஆறு மாதம் முடியும்போது ஒரு நாடு போரில் இருந்தால், போர் முடியும்வரை விலக முடியாது. ஆத்திரத்தில் எடுக்கும் முடிவுக்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே பூட்டுப் போட்டிருந்தார்கள்.

ஐந்து போனாலும் 160-க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளே இருக்கின்றன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் போலவே இந்தியாவும் இதுவரை கையெழுத்திடவில்லை. நீண்ட எல்லைகளைக் காரணம் சொல்கிறது, ஒருமித்த சம்மதம் நிலவும் ஜெனீவா மேடையே போதும் என்கிறது. ஆனால் ஒட்டாவா உறுப்பு நாடுகளின் கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போய் உட்கார்ந்திருக்கிறது.