உத்தரியம் தாயத்து அல்ல

எமது ஊவா தோட்டப் பகுதிகளில் கத்தோலிக்கப் பெண்கள் பலர் கழுத்தில் சிலுவையோடு இன்னொன்றையும் அணிந்திருப்பார்கள். மண்ணிறக் கம்பளித் துணியில் இரு சிறிய துண்டுகள். ஒன்று நெஞ்சில், மற்றது முதுகில், இரண்டையும் இணைக்க நூல். இதுவே கார்மேல் மாதாவின் உத்தரியம்.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் மறைக்கல்வி வகுப்பு முடிந்த பின் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "எம் மகன் கழுத்திலயும் இது கெடந்திச்சி டீச்சர். அப்ப ஏன் அவன் திரும்பி வரல?" 1983 ஆடி வன்செயலின் பின் வவுனியாவுக்குப் போன குடும்பம் அது. யுத்தத்தில் மகனைத் தொலைத்துவிட்டு மீண்டும் லயத்துக்கே வந்திருக்கிறார். "மகன் அதைக் கழற்றியிருப்பான்" என்று அயலவர் சிலர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இதைவிடக் கொடிய ஆறுதல் உண்டா?

சகோதரிகளே, உத்தரியம் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என்று திருச்சபை கற்பிப்பதில்லை. 1251இல் புனித சைமன் ஸ்டொக் என்ற கார்மேல் சபைத் துறவிக்கு மாதா இதனைக் கொடுத்தார் என்பது மரபு. வரலாற்றாசிரியர்களிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த மரபு சொல்லும் வாக்குறுதியும் மரணத்தின் பின்னரான ஆன்மாவைப் பற்றியதே. உடலுக்கு ஆபத்து வராது என்பதல்ல. பக்தி முயற்சிகள் பற்றி 2001இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி, உத்தரியத்தை மாதாவுக்கும் அவரை நம்பி ஒப்படைத்த பிள்ளைகளுக்கும் இடையிலான உறவின் அடையாளம் என்கிறது. ஆகவே பிள்ளை வராமற் போனதற்கு அவனது விசுவாசக் குறைவைக் காரணம் காட்ட எவருக்கும் உரிமை இல்லை. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

மந்திரித்த கயிறுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இன்னும் பழையது. உத்தரியம் முதலில் துறவிகளின் வேலை உடுப்பு. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்கில், வேலை செய்யும்போது அணிய என்றே அது குறிப்பிடப்படுகிறது. அப்புத்தளை அடிசம் மடத்தில் இருப்பவர்கள் அவர் வழிவந்த துறவிகள்தான். 1972இல் உருவான பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் லியோ நாணயக்காரவும் அச்சபையைச் சேர்ந்தவரே. கொழுந்தெடுக்கப் போகும்போது நாம் இடுப்பில் கட்டும் படங்குக்கு இது தூரத்துச் சொந்தம் என்று வகுப்பில் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கோ அது சிரிப்பாகத் தோன்றவில்லை.

இன்னுமொன்று. கணவனை இழந்தால் தாலியைக் கழற்றும் வழக்கம் எம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றிலும் இருக்கிறது. உத்தரியத்தைக் கழற்று என்று சொல்ல எவராலும் முடியாது. அது கணவன் கட்டியதல்ல.

முதன்முறை குருவானவரோ திருத்தொண்டரோ ஆசீர்வதித்து அணிவிக்க வேண்டும். கார்மேல் மாதா திருநாளான ஜூலை 16 இதற்கு ஏற்ற நாள். மழையிலும் வியர்வையிலும் துணி சீக்கிரம் நைந்துபோகும். புதியதை மீண்டும் ஆசீர்வதிக்கத் தேவையில்லை, நாமே மாற்றிக்கொள்ளலாம். 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், துணிக்குப் பதிலாக உலோகப் பதக்கம் அணியவும் அனுமதித்தார். பதக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் ஆசீர்வதிக்க வேண்டும். நைந்த துணியைக் குப்பையில் போடாமல் எரித்துவிடுங்கள், அல்லது மண்ணில் புதைத்துவிடுங்கள்.