கணவரை இழந்த ராமாபாயும் குடியை எதிர்த்த பெண்களும்

1880-ம் ஆண்டு. மராட்டியப் பிராமணப் பெண் ஒருவர் வங்காளி வக்கீலை மணந்தார். அவர் வேறு மொழிக்காரர், பிராமணரும் அல்லர். சடங்கு இல்லை. பதிவுத் திருமணம். உறவும் ஊரும் கொதித்தன. அந்தப் பெண்தான் பண்டிதா ராமாபாய்!

பஞ்சக் காலத்தில் தாய், தந்தை, அக்காள் மூவரையும் பறிகொடுத்தவர். அண்ணனுடன் கால்நடையாகவே நாட்டைச் சுற்றி, கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அவருடைய சமஸ்கிருதப் புலமையைக் கண்டு அறிஞர்கள் "பண்டிதா", "சரஸ்வதி" என்று பட்டம் கொடுத்தனர். பிறகு அண்ணனும் இறந்தார். தனிமரமாக நின்றவரைக் கைப்பிடித்தவர் விபின் பிகாரி.

கணவரின் புத்தக அலமாரி

கணவர் வைத்திருந்த புத்தகங்களில் வங்காள மொழி லூக்கா சுவிசேஷம் இருந்தது. அதைப் படித்த ராமாபாயின் மனம் கிறிஸ்துவை நாடியது. கணவரோ மிஷன் பள்ளியில் படித்தவராயினும், மனைவி மதம் மாறுவதை விரும்பவில்லை. இந்தப் பிணக்கு தீருமுன், 1882-ல் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. ராமாபாய்க்கு வயது 23. கையில் பெண் குழந்தை மனோரமா.

விதவை என்று மூலையில் உட்காரவில்லை. அதே ஆண்டு புனே வந்து "ஆரிய மகிளா சமாஜம்" தொடங்கினார். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

குடியை எதிர்த்த பெண்கள்

1886-ல் அமெரிக்கா சென்றார். அங்கே பிரான்சஸ் வில்லர்ட் அம்மையார் தலைமையில் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் நடத்தி வந்தனர். புருஷன் குடித்துவிட்டு வந்தால் அடியும் பட்டினியும் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும்தானே? அந்த வேதனையே அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஓட்டுரிமை இல்லாத அந்தப் பெண்கள் ஊர்தோறும் கிளை, சொந்த நிதி, சொந்தப் பத்திரிகை என்று வளர்ந்திருந்தனர்.

ராமாபாயும் அச்சங்கத்தில் சேர்ந்தார். இந்தியப் பெண்களின் நிலை பற்றி அவர் 1887-ல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தை அச்சங்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் விற்றுக் கொடுத்தனர். தாயகம் திரும்பியபின் அமெரிக்கா பற்றி மராத்தியில் எழுதிய நூலில் இந்தச் சங்கத்தைப் பாராட்டினார். சேர்ந்து நின்றால் பெண்களால் எதையும் சாதிக்க முடியும் என்பதே அவர் அங்கே கற்ற பாடம்.

புனேயில் எதிர்ப்பு

1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக "சாரதா சதன்" பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு அது புனேக்கு வந்தது. மதம் மாற்றுகிறார் என்று 1893-ல் புயல் கிளம்பியது. திலகரின் "கேசரி" கடுமையாகத் தாக்கியது. பலர் தங்கள் பெண்களை அழைத்துக்கொண்டு போனார்கள். ராமாபாய் பள்ளியை மூடவில்லை. 1896-97 பஞ்சத்தில் அநாதையான நூற்றுக்கணக்கான பெண்களையும் அழைத்து வந்து ஆதரித்தார்.

தாய்க்குத் துணையாக உழைத்த மனோரமா 1921-ல் காலமானார். அடுத்த ஆண்டே ராமாபாயும் மறைந்தார். கணவரோடு வாழ்ந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை. மறுமணம் செய்துகொள்ளாமல், ஆதரவற்ற பெண்களுக்காக 40 ஆண்டுகள் உழைத்தார்.

புனே-தவுண்டு ரெயில் பாதையில் உள்ள கேட்காவில் அவர் நிறுவிய "முக்தி மிஷன்" இன்றும் இயங்குகிறது. சம்பளத் தேதியில் சாராயக் கடைப் பக்கம் கால் திரும்புகிறவர்கள், ஒருமுறை அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம்.