தொழில்முறை முடிநீக்கம்

உடலில் வேண்டாத இடங்களில் வளரும் முடியைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு அகற்றுவது தொழில்முறை முடிநீக்கம் ஆகும். அழகு நிலையங்களில் மெழுகாலும் நூலாலும் செய்யப்படும் முறைகள் முடியை வேரோடு பிடுங்குகின்றன. அம்முடி முளைக்கும் மயிர்க்காலை அழிப்பதில்லை. ஆதலால் சில வாரங்களில் முடி மீண்டும் வளர்கிறது. மயிர்க்காலையே சிதைக்கும் முறைகளாக மின்பகுப்பும், லேசர் எனப்படும் சீரொளியும் பயன்பாட்டில் உள்ளன.

மின்பகுப்பு

இம்முறை அழகுக்காகத் தோன்றியதன்று. இமைமயிர் உட்புறமாக வளர்ந்து விழியை உராயும் நோய்க்கு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் 1875-இல் இதனைக் கையாண்டார். மயிர்க்காலினுள் நுண்ணூசியைச் செலுத்தி மெல்லிய நேர்மின்னோட்டம் பாய்ச்சப்படும். அங்குள்ள உப்பு நீர் வேதிமாற்றம் அடைந்து சோடியம் ஐதராக்சைடு என்னும் காரம் உண்டாகிறது. வேரை அழிப்பது இக்காரமே. பின்னாளில் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தின் வெப்பத்தால் வேரைச் சுடும் முறையும், இரண்டையும் இணைத்த முறையும் வந்தன. ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டியிருப்பதால் நெடுநாள் பிடிக்கும், வலியும் உண்டு. எனினும் முடி, தோல் ஆகியவற்றின் நிறம் இதற்குத் தடையன்று, நரைமுடியும் நீங்கும்.

எக்ஸ் கதிர்

எக்ஸ் கதிர் 1895-இல் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே வியன்னா மருத்துவர் லியோபோல்ட் பிராய்ண்ட், முதுகில் முடி அடர்ந்த மச்சம் கொண்ட ஒரு சிறுமிக்கு அதனைச் செலுத்தினார். முடி உதிர்ந்தது, பின்னர்ப் புண்ணும் உண்டானது. இவ்வெச்சரிக்கை போதவில்லை போலும். 1920-களில் அமெரிக்க அழகு நிலையங்களில் 'டிரைக்கோ' என்ற பெயரில் எக்ஸ் கதிர்க் கருவிகள் வைக்கப்பட்டன. வலியில்லை என்பதே அவற்றின் கவர்ச்சி. ஆண்டுகள் பல கழித்து, அவற்றை நாடிய பெண்கள் பலருக்குத் தோல் சுருக்கமும் ஆறாப் புண்ணும் புற்றுநோயும் தோன்றின. இம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது.

சீரொளி

முடியிலுள்ள மெலனின் என்னும் நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி, மயிர்க்காலைச் சிதைக்கிறது. இதற்கு அடிப்படையான கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் ஆகியோர் 1983-இல் வெளியிட்டனர். வளர்நிலையில் உள்ள முடியே இதற்கு நன்கு கட்டுப்படுகிறது. ஆகவே வார இடைவெளிகளில் பலமுறை செய்ய வேண்டும். நிறமியற்ற நரைமுடியில் பயனில்லை.

தோலிலும் அதே நிறமி இருப்பதே இதன் சிக்கல். கருநிறத் தோல் ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால் தீப்புண், கருந்திட்டு, வெண்திட்டு ஆகியன ஏற்படலாம். தென்னிந்தியர், இலங்கையர் போன்றோரின் தோலுக்கு 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் சீரொளியை விட, ஆழமாக ஊடுருவும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் சீரொளி பாதுகாப்பானது. அரிதாக, முகத்தில் முடி குறைவதற்கு மாறாகப் பெருகுவதும் உண்டு.

விளம்பரங்கள் இதனை 'நிரந்தர நீக்கம்' என்கின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் பல சீரொளிக் கருவிகளுக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்றே கூற இசைந்துள்ளது. அதாவது முடியின் எண்ணிக்கை நீண்டகாலத்திற்குக் குறையும், முற்றும் ஒழியாது.

சீரொளிக்கு முந்தைய வாரங்களில் மெழுகால் முடியைப் பிடுங்கினால் ஒளி பற்றுவதற்கு வேர் இராது, மழிக்கலாம். பெண்களுக்கு முகவாயில் திடீரென முடி அடர்ந்து, மாதவிடாயும் ஒழுங்கற்றிருப்பின், அது சினைப்பை நீர்க்கட்டி நோய் போன்ற இயக்குநீர்க் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். அதனைக் கண்டறிந்து மருத்துவம் செய்யாவிடில், அழித்த இடத்தைச் சுற்றிப் புதிய முடி தோன்றியவண்ணம் இருக்கும்.